பெருந்தொற்றும் பாலியல் தொழிலாளர் நலமும்: சொல்லாட்சி நோக்கில்

2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. உடல் நெருக்கத்தையே அடிப்படையாகக் கொண்ட பாலியல் தொழிலில் ஈடுபட்டோர்க்கு அத்துடன் வருவாய் நின்றது. அடுத்து எழுந்த இடர் மருந்து பற்றியது. எச்.ஐ.வி. தொற்றுடையோர் கூட்டு மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இடையில் நின்றால் கிருமி மீண்டும் பெருகுவதோடு மருந்தை எதிர்க்கும் ஆற்றலையும் பெறக்கூடும். பேருந்தும் தொடர்வண்டியும் இயங்காத நிலையில் சிகிச்சை மையத்திற்குச் செல்வது எங்ஙனம்? பல மாதங்களுக்குரிய மருந்தை ஒருசேர வழங்கும் முறை இச்சிக்கலை ஓரளவு தணித்தது. ஆனால் ஆணுறை வழங்கலும் பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லலும் தொழிலாளரிடையே இருந்து வந்த சகக் கல்வியாளரைச் சார்ந்தவை. அவர்தம் நடமாட்டமும் முடங்கியது.

இச்சேவைகள் முந்தைய ஒரு தொற்றின் விளைவாகத் தோன்றியவை என்பது நோக்கத்தக்கது. இந்தியாவில் எச்.ஐ.வி. 1986இல் சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதி மாதிரிகளிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டே கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம் அப்பெண்களையே நலப்பணியாளராக்கியது. (அவர் 2021இல் கொரோனாவால் மறைந்தார்.) ஆக, அரசைப் பொறுத்தவரை இம்மக்களுக்கு இருந்த பதிவு பெரும்பாலும் நோய்த்தடுப்பு ஏட்டுப் பதிவே. குடும்பத்தைப் பிரிந்தோரும் முகவரி காட்ட இயலாதோரும் மிகுதியாதலின் குடும்ப அட்டை பலரிடம் இல்லை. 2020 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், அடையாளச் சான்றை வற்புறுத்தாது உலர் உணவுப் பொருள் வழங்குமாறு மாநிலங்களைப் பணித்தபோது, பயனாளிகளைக் கண்டறிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பையும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களையும் சார வேண்டியதாயிற்று. தொழிலை மறைத்து வாழ்வோர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவது அரிது.

சொல்லின் பங்கு இங்குத்தான் தொடங்குகிறது. 'விபசாரி' குற்றத்தையும், 'விலைமகள்' விற்பனையையும் முன்னிறுத்துவன. பின்னது பெண்பாலை மட்டுமே குறிப்பதால் ஆடவரும் திருநங்கையரும் விடுபடுகின்றனர். 1970களின் இறுதியில் அமெரிக்கரான கரோல் லீ உருவாக்கிய ஆங்கிலத் தொடரின் வழிவந்த 'பாலியல் தொழிலாளர்' என்பது உழைப்பை முன்னிறுத்துகிறது. 2020 அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் அறிவுரை இவர்களை அமைப்புசாராத் தொழிலாளராகக் கொண்டது. எதிர்ப்புக்குப் பின் அது மனிதாபிமான அடிப்படையிலான உதவி எனத் திருத்தப்பட்டது. தொழிலாளர் என்னும் சொல் நீங்கியதும் உரிமையாக நின்றது இரக்கமாக மாறியது. இம்மாற்றத்தை வெறும் சொல்மாற்றமாகக் கருதுவதற்கில்லை. இதற்கு மாறாக, 1996இல் மகாராட்டிரத்தின் சாங்லியில் தோன்றிய அமைப்பினர் 'வேஷ்யா' என்னும் பழிச்சொல்லையே தம் அமைப்பின் பெயரில் விரும்பிச் சூடிக்கொண்டனர்.

நலவாழ்வு அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர் 'தலையீடு' என்னும் சொல்லைத் தயங்காது கையாளுகின்றனர். காவலரின் குறுக்கீட்டை அன்றாடம் காணும் ஒருவர்க்கு 'இலக்கு நோக்கிய தலையீடு' அச்சமே தரும். 'நலப்பணி' என்பதே போதும். 'சமூக இடைவெளி'யும் அத்தகையதே. சமூகத்தால் முன்னரே விலக்கப்பட்டோரிடம் அதனைக் கூறுவது பொருந்தாது. உலக நலவாழ்வு நிறுவனமே 2020 மார்ச்சில் உடல்சார் இடைவெளி என்னும் வழக்கிற்கு மாறியது. 'அதிக ஆபத்துள்ள குழு' என்பதோ, ஆபத்தில் இருப்போரையே ஆபத்தானவராகக் காட்டும் இருபொருள் உடையது. 'தொற்று வாய்ப்பு மிக்கோர்' எனின் அம்மயக்கம் நீங்கும்.

2022 மே 19 ஆணையில் உச்ச நீதிமன்றம், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்றைக் கொண்டு இவர்களுக்கு ஆதார் அட்டை வழங்கலாம் என்றது. தொழிலைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியீடும் அவ்வட்டையில் இருத்தல் கூடாது என்றும் பணித்தது.