பிசினஸ் கிரெடிட் கார்டு வேணுமா? பேங்க் முதல்ல பார்க்கிறது உங்க கடையை இல்ல!

இன்ஸ்டாகிராம்ல கேக் ஆர்டர் எடுக்கிறீங்க, மாசம் அறுபதாயிரம் புரளுது. ஆனாலும் பிசினஸ் கிரெடிட் கார்டு கேட்டா, பேங்க் கையை விரிக்குது. ஏன்?

தனி ஆளா தொழில் பண்றவங்களுக்குக் கடைக்குனு தனி பான் கார்டு கிடையாது; உங்க பான்தான் கடைக்கும். அதனால ஹெச்.டி.எஃப்.சி மாதிரி பெரிய வங்கிகள் உங்களோட சிபில் ஸ்கோரைத்தான் முதலில் பார்க்கும். 300-லிருந்து 900 வரை போகும் இந்த ஸ்கோர், 750-ஐத் தாண்டியிருந்தால் நல்லது. காலேஜ் முடிச்சதும் வாங்கின போனுக்கு இ.எம்.ஐ கட்டாம விட்டிருந்தா, அது இங்கே வந்து நிக்கும்.

அடுத்தது, ஐ.டி.ஆர். 'வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லையே'னு பலர் தாக்கலே செய்வதில்லை. ஜிபேயில் வந்து விழுற பணம் உங்களுக்குத்தான் வருமானம். பேங்க்குக்கு அது வெறும் வரவு, கணக்கில் காட்டினால்தான் வருமானம். உத்யம் பதிவும் இருக்கட்டும். அரசு தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற சைட் அரசு சைட்டே இல்லை.

ரிஜெக்ட் ஆன கோபத்துல நாலு பேங்க்ல வரிசையா அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் ரிப்போர்ட்டில் பதிவாகி, ஸ்கோரை இறக்கும். பதிலா, ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் ஒரு சாதாரண கார்டு வாங்குங்க. ஸ்கோரே இல்லாதவங்களுக்கும் பல வங்கிகள் தருது. லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் செலவு பண்ணி, முழு பில்லையும் தேதிக்குள் கட்டுங்க. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினா, பல கார்டுகளில் வட்டி மாசம் 3 சதவிகிதத்தைத் தாண்டும். ஒரு வருஷம் இப்படி ஓட்டிட்டு, ஐ.டி.ஆரோட மறுபடி போய்க் கேளுங்க.