வேலையில் சேர்ந்த பிறகும் தீயணைப்பு வீரருக்குப் பயிற்சி ஏன்? செட்டிநாட்டு வீட்டை வைத்து ஒரு விளக்கம்

காரைக்குடி அருகே நேமத்தான்பட்டியில், பூட்டிக் கிடக்கும் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும்? கதவை உடைத்து உள்ளே போக வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அவசரப்பட்டுக் கதவைத் திறப்பதே வீரர்களின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

கதவைத் திறந்தால் என்ன ஆகும்?

மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறைந்ததும் தீ அடங்கியது போலத் தெரியும். ஆனால் சூடான புகையில் எரியக்கூடிய வாயுக்கள் நிறைந்திருக்கும். காற்று புகுந்ததும் அது குப்பென்று பற்றி, வாசல் பக்கமே சீறி வரும். கதவின் சூட்டையும் புகையின் போக்கையும் கவனித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

மேலே கூரையும் இருக்கிறது. தேக்கு உத்தரம் வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லக் கரியாகும். இரும்பு உத்தரமோ சுமார் 600 டிகிரி செல்சியஸில் பாதி வலுவை இழந்து வளைந்துவிடும்.

பழைய கட்டடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை மதுரை பார்த்திருக்கிறது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாளில், விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை தீயை அணைத்தபோது பழைய கட்டடம் இடிந்து 2 வீரர்கள் உயிரிழந்தனர்.

ஒருமுறை பயிற்சி எடுத்தால் போதாதா?

தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி உண்டு; தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. அதிகாரிகளுக்கு, 1956-ல் தொடங்கப்பட்டு இப்போது நாக்பூரில் இயங்கும் தேசிய தீயணைப்புக் கல்லூரி உள்ளது.

ஆனால் கிராமங்களிலிருந்து வரும் அழைப்புகள் வேற மாதிரி: வைக்கோல்போர் தீ, கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு. புகை மண்டிய பெரிய வீட்டுக்குள் நுழையும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். செய்யாத வேலை கைக்கு மறந்துபோகும். மூச்சுக்கருவியை மாட்டுவது, இருட்டில் குழாயைப் பிடித்தே வெளியே வருவது எல்லாம் திரும்பத் திரும்பப் பழகினால்தான் பதற்றத்திலும் கை தானாக ஓடும்.

ஆபத்தும் மாறிக்கொண்டே இருக்கிறது. மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி, அணைந்த மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றலாம். 20 வருஷத்துக்கு முன் பயிற்சி முடித்தவர் இதைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

சாவி யாரிடம் இருக்கிறது, மெயின் சுவிட்ச் எங்கே, பின்வாசல் எந்தத் தெருவில், பக்கத்து ஊரணியில் தண்ணீர் இருக்கிறதா? 101 அல்லது 112-க்கு அழைத்ததும், வண்டி வருவதற்குள் இந்த 4 தகவலையும் தயாராக வைத்திருங்கள். வீரர்கள் என்னதான் பழகியிருந்தாலும், அந்த வீட்டின் உள்ளமைப்பு ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.