உஷார்! குழந்தையின் காலில் தானாக வியர்க்கும் தடிப்பு

பெற்றோரே, உஷார்! குழந்தையின் கையிலோ காலிலோ நீலம் பாய்ந்த தடிப்பு இருக்கிறதா? தொட்டாலே வீறிட்டு அழுகிறதா? உடம்பெல்லாம் காய்ந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் வியர்வை முத்து முத்தாகத் துளிர்க்கிறதா? "எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பான், கன்றிப்போயிருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்பு தடவுவது, சூடு வைப்பது, ஊசியால் குத்திப் பார்ப்பது எதுவும் வேண்டவே வேண்டாம்!

இது 'எக்ரைன் ஆஞ்சியோமேட்டஸ் ஹேமர்டோமா'வாக இருக்கலாம். தோலுக்குள் வியர்வைச் சுரப்பிகளும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அளவுக்கு மீறிப் பெருகி, ஒரே இடத்தில் திரண்டு நிற்கும் அரிய வளர்ச்சி இது. 1859-லேயே மருத்துவ ஏடுகளில் பதிவானாலும், இந்தப் பெயர் கிடைத்தது 1968-ல்தான். பிறக்கும்போதே இருக்கும், அல்லது சிறு வயதில் தலைகாட்டும். கை, கால்களில்தான் அதிகம். சிவப்பு, நீலம், பழுப்பு என நிறம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அதன்மேல் முடியும் முளைக்கும். ஓடியாடினால், வெயில் ஏறினால் வியர்வை கூடும். உள்ளங்காலில் இருந்தால், செருப்பு அழுத்தும்போதெல்லாம் வலிக்கும். குழந்தை பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும்.

முதலில் ஆறுதலான செய்தி: இது புற்றுநோய் இல்லை. அப்படியானால் ஏன் இந்தப் பதற்றம்?

ஆபத்து, ஆள்மாறாட்டத்தில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பரவலாக வரும் ரத்தக்குழாய்க் கட்டியான ஹெமாஞ்சியோமா, முதல் சில மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும். இதையும் அதுவென்று நம்பிக் காத்திருந்தால், பெரும்பாலும் சுருங்காது. குழந்தை வளர வளர இதுவும் வளரும், வலியும் நீடிக்கும். இன்னொரு பக்கம், கபோசிஃபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்ற கட்டியும் நீலச்சிவப்பாகவே தெரியும். அது ரத்தத் தட்டணுக்களை விழுங்கி, உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஆகவே தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். சிறு துணுக்குத் தோலை எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான் நோயை உறுதி செய்யும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சுக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். வலியோ தொல்லையோ இல்லையென்றால், கண்காணித்தால் போதும். வலி படுத்தினால், அறுவை சிகிச்சையில் அகற்றலாம்.

தடிப்பு திடீரென வீங்கி, இறுகி, கருஞ்சிவப்பானால், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிந்தால், ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தடிப்பை மாதம் ஒருமுறை, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.