மடித்து வைத்த கொடி

படையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற என் வாப்பாவின் ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்தபோது, அதன்மேல் நம் தேசியக் கொடி போர்த்தப்பெற்றது. கபுறடியில் அதனை எடுத்து மடித்து என் கையில் தந்தனர். கபனன்றி வேறு துணி மண்ணுட் புகாதன்றோ!

இனி அதனை என் செய்வது? கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோம் என்றான் தம்பி. “பெட்டகத்துக்குள்ள இரிக்கட்டும் மகன்” என்றார் உம்மா.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தோனுக்குக் கல் நட்டனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வெட்சித்திணையிற் கூறும். பெயரும் புகழும் பொறித்தமையாலன்றோ அக்கல் பேசிற்று!

துணிக்கும் அஃதே நியதி. சுவரில் வெயில்பட்டால் நிறம் வெளிறும்; பெட்டகத்திற் பெயரின்றிக் கிடந்தால் பேரன் அறியான். ஆதலின், வெள்ளைப் பருத்தித் துணியிற் கொடியைச் சுற்றி, வாப்பாவின் பெயரும் பணியாண்டுகளும் எழுதிய தாளொன்றை உடன் வைத்தேன். உம்மாவின் பெட்டகமே அதற்கு இடமாயிற்று. சுதந்திர தினமாகிய பெப்ரவரி 4 இல் ஆண்டுதோறும் அதனை விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

1951 இல் இக்கொடியிற் சேர்க்கப்பெற்ற பட்டைகள் இரண்டு. பச்சை முஸ்லிம்களையும், காவி தமிழரையும் குறிக்கும். கல்முனையில் இவ்விரு மக்களும் அயலவர். பிணங்கிய நாள்களும் உண்டு. கொடியிலோ அவை ஒத்த அளவினவாய் அருகருகே நிற்கின்றன. அந்தத் தையல் பிரியாதிருக்கவே உங்கள் அப்பா காவல் நின்றார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.