உடம்புக்குள் உதிரி பாகம் – 14: கிருமி முந்தினால்...

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வேட்டியை மடித்துக் கட்டி நடப்பவர்களைக் கவனியுங்கள். சிலருடைய முழங்காலின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு இறங்கும். மூட்டு மாற்று செய்துகொண்டவர்கள். 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். உள்ளே கோபால்ட்-குரோமியம், டைட்டானியம், நடுவில் வழுக்கிக்கொடுக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இவற்றின் தேய்மானத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைவிடப் பெரிய தலைவலி கிருமித்தொற்று.

எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. கிருமி வந்தால் வெள்ளையணுக்கள் பின்னாலேயே வந்துவிடும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தக் காவல் கிடையாது. பொருத்திய நிமிடத்திலிருந்தே அவற்றின் மேற்பரப்பைப் பிடிக்க நம் செல்களும் கிருமிகளும் மோதுகின்றன. 1987இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா இதை மேற்பரப்புக்கான பந்தயம் என்று வர்ணித்தார். தீபத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுகிற கதைதான்: முந்தியவருக்கே இடம்.

ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி முந்திவிட்டால் பிசுபிசுப்பான படலம் ஒன்றை உண்டாக்கி அதற்குள் பதுங்கிக்கொள்ளும். இதுதான் பயோஃபிலிம். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்ல, வெளியே திரியும் கிருமிக்கு வேண்டியதைப் போல ஆயிரம் மடங்கு வரைகூட மருந்து தேவைப்படலாம். உடம்பு அதைத் தாங்காது. தொற்று நாள்பட்டுவிட்டால் பெரும்பாலும் மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை இடைக்காலமாக வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு புது மூட்டு வைக்க வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொற்று வருகிறது. வந்தவருக்கோ பணமும் பலமும் கரைந்துவிடும்.

இந்தச் சிமெண்ட் கட்டடச் சிமெண்ட் அல்ல. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் பாலிமர். ஆபரேஷன் மேஜையருகே பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவுபோலத் திரண்டு, கொதிப்பேறி, சில நிமிடங்களில் இறுகிவிடும். அந்தச் சூட்டிலும் கெடாத மருந்து ஜென்டாமைசின். அதைச் சிமெண்டிலேயே கலக்கும் முறையை 1970 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மருத்துவர் புக்ஹோல்ஸ் கொண்டுவந்தார். இன்றும் உலகெங்கும் இது புழக்கத்தில் இருக்கிறது. ஒரே குறை: முதல் சில நாட்களில் மருந்து மளமளவென்று கசிந்துவிடும், பிறகு சொட்டுச் சொட்டாக வரும். கொல்லப் போதாத அந்தச் சொட்டு மருந்து, எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகளுக்கே வசதியாகிவிடலாம்.

கிருமி வராத நாளில் மருந்தை ஏன் செலவழிக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான் ஸ்மார்ட் பாலிமர்கள். கிருமிகள் பெருகும் இடத்தில் அமிலத்தன்மை கூடும். அதை உணர்ந்து இணைப்பு அறுந்து மருந்தை விடும் பூச்சு ஒரு வகை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நம் திசுவைக் குடைந்து பரவ ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் சுரக்கும். ஹயலுரானிக் அமிலத்தால் மருந்தை மூடி வைத்தால், அந்த நொதியே மூடியைக் கரைத்துத் தன் எமனை வெளியே விடும். மருந்தே இல்லாத வகையும் உண்டு: நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமர், ஒட்ட வரும் கிருமியின் சவ்வைக் கிழித்துவிடும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் ஜெயந்த ஹால்தரின் குழு இத்தகைய பாலிமர்களை உருவாக்கிவருகிறது. ஆனால், சூழலை உணர்ந்து செயல்படும் பூச்சுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்தையும் விலங்குச் சோதனையையும் தாண்டவில்லை. ஆண்டுக்கணக்கில் எடையையும் உராய்வையும் தாங்க வேண்டும். நம் செல்களையும் நோகடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து அமைவது லேசில்லை.

அதுவரை காவல் நம் கையில்தான். கிருமி ஆபரேஷன் அன்றுதான் வரும் என்றில்லை. ஆண்டுகள் கழித்தும், பாத வெடிப்பிலோ கொப்புளத்திலோ புகுந்து ரத்தம் வழியே மூட்டை எட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்குக் கல் குத்தியதே தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வெறுங்காலோடு கிரிவலம் செல்லட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மாற்று மூட்டு சூடாக வீங்கி வலித்தால், மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். போட்டால், பிறகு மூட்டு நீரைச் சோதித்தாலும் கிருமி சிக்காமல் போகலாம். அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே போங்கள்.

(தொடரும்)