பழங்கட்டடமும் வரிச்சலுகையும்

ஐக்கிய அமெரிக்காவில் 1976 வரை வருமானவரிச் சட்டமே பழங்கட்டடங்களுக்குப் பகையாயிருந்தது. இடித்துப் புதிது கட்டுவோர்க்கு விரைந்த தேய்மானக் கழிவு கிடைத்தது. பழையதைப் பேணுவோர்க்கு அத்துணை அனுகூலம் இல்லை. அவ்வாண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கிற்று. 1981 இல், சான்றுபெற்ற வரலாற்றுக் கட்டடத்தைச் சீர்செய்வோர்க்குச் செலவில் 25 சதவீதம் வரியிற் கழிக்கப்பட்டது. 1986 இல் அது 20 சதவீதமாயிற்று. வருமானத்திலன்றி வரியிலேயே கழிவதால் இதன் வலிமை பெரிது: 1,00,000 டொலர் செலவிட்டவர்க்கு 20,000 டொலர் வரி குறையும். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் இத்தொகை ஐந்தாண்டுகளிற் பகிர்ந்தே கிடைக்கின்றது.

நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடத்தின் கணக்குப் பெறுமதியைச் செலவு விஞ்சவேண்டும் என்பது நிபந்தனை. நலிந்த நகர்ப்பகுதிகளில் கட்டடம் மலிவாதலின் இஃது எளிதில் நிறைவேறும். எனினும் உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்குச் சலுகையில்லை. வாடகைக்கோ வாணிகத்துக்கோ பயன்படுவதற்கே உண்டு. சீரடைந்தபின் வாடகை உயருமாயின், அங்கு நெடுநாள் வாழ்ந்த வறியோர் எங்குச் செல்வர் என்பதற்கு இச்சலுகையில் விடையில்லை.