பிளக் ஓட்டைக்குள் மண்வீடு

நேற்று ராத்திரி வரை ஒழுங்காகச் செருகிய மிக்ஸி பிளக் இன்று காலை பாதியில் நிற்கிறது. அமுக்கினாலும் இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று ஓட்டைகளில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை மண்ணால் அடைபட்டு, விளிம்போடு விளிம்பாக வழித்துப் பூசப்பட்டிருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் இது நடக்காத வீடு குறைவு. பிளக் பாயிண்ட் மட்டுமில்லை. கதவுப் பூட்டின் சாவித்துவாரம், தையல் மெஷினில் எண்ணெய் விடும் துளை, அலுமினிய ஜன்னலில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டை, ஏசி தண்ணீர் இறங்கும் குழாய் என்று எதுவும் தப்புவதில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பிய குடும்பம், சாவி நுழையாமல் பெட்டி படுக்கையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

இத்தனைக்கும் காரணம் குளவி. ஆனால் ஒரே குளவி அல்ல. நம் வீடுகளில் மண்வேலை செய்பவை பல வகை, ஒவ்வொன்றின் பாணியும் வேறு. சுவர் மூலையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கட்டை விரல் பருமனுக்குக் குழல் குழலாக மண்ணை அப்பி வைப்பது ஒரு வகை. கறுப்பும் மஞ்சளுமான உடம்பு, மெல்லிய நீண்ட இடுப்பு. 1781-இல் இதற்குப் பெயர் வைத்த டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் நம் சென்னையின் பழைய பெயரையே சூட்டினார். இன்றும் உலகம் முழுக்க அது ‘ஸெலிஃப்ரான் மதராஸ்படானம்’தான். இரண்டாவது வகை, கழுத்து வைத்த சின்னச் சொம்பு வடிவில் கூடு கட்டும் குயவன் குளவி. மூன்றாவது வகைதான் பிளக் ஓட்டையின் எதிரி. அது சுவர் எழுப்புவதில்லை. தயாராக இருக்கும் துளையைத் தேடிப் பிடித்து வாயை மட்டும் மண்ணால் அடைக்கும். ஓட்டு வீட்டு மூங்கில் முனைகளும் உத்திரத்தில் வண்டு துளைத்த ஓட்டைகளும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. கான்கிரீட் வீட்டில் அந்த அளவில் மிஞ்சியவை பிளக் பாயிண்டின் மேலே இருக்கும் எர்த் பின் ஓட்டை போன்ற துளைகள்தான்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகும், தண்ணீர் கடைமடையை எட்டும் வரை இங்கே வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் கூடு கட்டும் குளவிக்கு ஈரமண் கிடைப்பது கொல்லைக் குழாயடியிலும் துவைக்கிற கல் ஓரத்திலும்தான். அங்கே குந்திப் பார்த்தால் வேலையை நன்றாகப் பார்க்கலாம். குளவி வாலைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, தாடையாலும் முன்கால்களாலும் மண்ணை உருட்டும். பட்டாணி அளவுகூட இல்லாத உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு பறந்து, கூட்டின் விளிம்பில் வைத்து, ‘ஙீ’ என்று ஒரு ரீங்காரம் எழுப்பும். கோபம் என்று நினைத்து நாம் விலகுவோம். உண்மையில் அந்த அதிர்வு மண்ணை இளக்கி, மெல்லிய பட்டையாகப் பரவச் செய்கிறது. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் விடுகிறோமே, அதே தத்துவம்தான். குயவன் குளவிக்கு இன்னொரு வழி உண்டு. அது தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், காய்ந்த மண்ணில் உமிழ்ந்து தானே குழைத்துக்கொள்ளும்.

கட்டுவது முழுக்கப் பெண் குளவி. அறை தயாரானதும் வேட்டை. மதராஸ் குளவி சிலந்திகளைப் பிடிக்கும், குயவன் குளவியும் துளை அடைக்கும் குளவியும் பெரும்பாலும் பச்சைப் புழுக்களைப் பிடிக்கும். கொட்டுவது கொல்வதற்காக அல்ல. நரம்பு முடிச்சில் இறங்கும் விஷம் இரையை அசையாமல் செய்கிறது, உயிர் மட்டும் இருக்கிறது. செத்தால் ஓரிரு நாளில் அழுகிவிடும், குஞ்சுக்கு ஆகாது. பிரிட்ஜ் இல்லாமல் இறைச்சியைக் கெடாமல் வைக்கும் இந்த ஏற்பாடு எனக்குத் தீராத வியப்பு. குயவன் குளவி முட்டையைத் தரையில் இடாமல் கூட்டின் கூரையிலிருந்து ஒரு நூலிழையில் தொங்கவிடுகிறது. கீழே கிடக்கும் புழு எப்போதாவது நெளிந்தால்கூட முட்டை நசுங்காது.

கூட்டை உடைத்தால் புழு, விட்டு வைத்தால் சில வாரத்தில் குளவி. இதைப் பார்த்துத்தான் ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். பார்த்தது அத்தனையும் சரி. நடுவில் இருந்த முட்டை மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், மண்ணின் நிறம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வோரும் உண்டு. அந்த நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் உடைபடாமல் தப்பியிருக்கின்றன.

பிரான்ஸில் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் மதராஸ் குளவியின் இனத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். குளவி கொண்டுவந்து வைக்கும் சிலந்திகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அது சலிக்காமல் கொண்டுவந்துகொண்டே இருந்தது, கடைசியில் காலியான அறையை மூடிவிட்டுப் போனது. இன்னொரு முறை கூட்டையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தார். குளவி திரும்பி வந்து, கூடு இருந்த வெறும் சுவரில் பூச்சு வேலையைத் தொடர்ந்தது. இவ்வளவு நுட்பமான வேலைக்காரிக்குத் தன் வேலை வரிசையை நடுவில் மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

பிளக் ஓட்டையோடு போனால் பரவாயில்லை. 2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் ஒரு ஏர்பஸ் ஏ330 ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றிருந்தது. அதற்குள் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் குளவி மண் வைத்துவிட்டது. கிளம்பிய விமானம் அவசரமாகத் தரையிறங்கியது. 1996-இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேர் இறந்த விபத்திலும் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள்.

கடிக்குமா என்றால், இவை தனிக் குளவிகள். காக்கக் கூட்டம் கிடையாது, கையில் பிடித்தால் ஒழியக் கொட்டுவதில்லை. தென்னையிலும் பனையிலும் கூட்டமாக வாழும் கதண்டு வேறு. அது உயிரை எடுக்கும், அந்தக் கூட்டைக் கண்டால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

அடைபட்ட பிளக் பாயிண்டில் யாரும் பலம் காட்ட வேண்டாம். எர்த் பின்னை வெட்டிவிட்டுச் செருகுவது அதைவிட ஆபத்து. மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து மூடியைக் கழற்றி மண்ணைத் தட்டி எடுப்பதே முறை. பயன்படுத்தாத பாயிண்டுகளுக்குக் குழந்தைகள் விரல் விடாமலிருக்க விற்கும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வைக்கலாம். ஊருக்குப் போகும்போது சாவித்துவாரத்தின் மேல் ஒரு துண்டு டேப் போதும்.

சுவரில் இருக்கும் கூட்டை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். வட்டமாகத் துளை விழுந்திருந்தால் உள்ளே இருந்தது பறந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெயர்த்தெடுத்து ஒரு காகிதத்தின் மேல் உடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் காய்ந்த கூட்டுறையும், அதன் அடியில் சிலந்திக் கால்களும் கிடக்கும். பக்கத்து அறையில் துளை வேறு மாதிரி சின்னதாக இருந்தால், அங்கே நீலப்பச்சையாக மினுங்கும் குயில் குளவி திருட்டுத்தனமாக முட்டையிட்டிருக்கலாம். கட்டினவளின் குஞ்சுக்குப் பதில் அதன் குஞ்சு வெளியே போயிருக்கும்.